மலைத் தோட்டங்களின் கதை – 14: பீரங்கிக்காரர் கையில் டென்னிஸ் மட்டை

பீர்மேட்டுச் சரிவுகளில் காப்பி அழிந்து தேயிலை ஏறிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். ஒரு மலையில் துரைமார் நிலைத்துவிட்டார்கள் என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: பங்களா, கல்லறை, கிளப். முதல் இரண்டுக்கும் பீர்மேட்டில் எப்போதுமே குறைவில்லை. குட்டிக்கானத்தை அடுத்த பள்ளிக்குன்றில் புனித ஜார்ஜ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் காப்பித் தோட்ட முன்னோடி ஜே.டி. மன்றோ உறங்குகிறார். அவர் ஏறி மலை சுற்றிய குதிரைக்கும் அங்கேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். கிளப் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. பக்கத்து மலையான மூணாறில் ஹை ரேஞ்ச் கிளப் 1909-இல் எழுந்தது.

கிளப் வந்த இடத்தில் டென்னிஸும் வந்தது. தென்னிந்திய மலைகளில் புல்தரைக் கோர்ட் வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. மண் கோர்ட்தான் தோது. சரிவை வெட்டிச் சமன் செய்வார்கள். புற்று மண்ணைச் சலித்துப் பரப்பித் தண்ணீர் தெளித்து, கல்லுருளையை முன்னும் பின்னும் இழுப்பார்கள். அதன்மேல் சாணத்தைக் கரைத்து மெழுகிக் காயவிட்டால் தளம் இறுகிவிடும், தூசி கிளம்பாது, பந்தும் ஒரே சீராக எழும்பும். சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆட்டத்துக்குத் தயார். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் அத்தனை வேலையும் கரைந்து ஓடும், மழை ஓய்ந்த பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெழுகியதும் உருளை இழுத்ததும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள். சரிவுக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்த பந்தைத் தேடி எடுத்ததும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மட்டை மட்டும் துரை கையில்.

தோட்டக்காரர்களின் பொழுதுபோக்குதானே என்று இந்த ஆட்டத்தைத் தள்ளிவிட முடியாது. விம்பிள்டன் போட்டியின் இரண்டாவது சாம்பியனே ஒரு காப்பித் தோட்டத்துரை. பிராங்க் ஹாடோ என்ற அந்த இளைஞர் இலங்கையில் காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்தார். 1878-இல் விடுப்பில் இங்கிலாந்து போனபோது போட்டியில் கலந்துகொண்டார். முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஸ்பென்சர் கோர் வலைக்கு அருகிலேயே நின்றுகொண்டு எதிராளியின் பந்தை மடக்கி அடிப்பவர். ஹாடோ அவர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் பின்னால் போட்டார். கோர் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் புள்ளி போய்விடும். 7-5, 6-1, 9-7 என்று வென்ற ஹாடோ இலங்கைக்குக் கப்பலேறினார். பட்டத்தைக் காப்பாற்ற அடுத்த ஆண்டு திரும்பி வரவேயில்லை. பழைய சாம்பியன்களை அழைத்துப் பதக்கம் கொடுத்த 1926-ஆம் ஆண்டுப் பொன்விழாவில்தான் அவர் மறுபடி விம்பிள்டனில் தலைகாட்டினார். இதற்கிடையில் இலங்கைக் காப்பியை இலைத்துரு நோய் தின்று தீர்த்துவிட்டிருந்தது.

ஹாடோ சமாதான காலத்து மனிதர். இந்த அத்தியாயத்தின் நாயகர் அப்படியல்ல. அவரைப் பார்க்க ஒரு வாரத்துக்கு மலையிறங்கி, வடக்கே பெங்களூர் வரை போக வேண்டியிருக்கிறது.

1888 டிசம்பர் 3-ஆம் தேதி பெங்களூரில் கிங்ஸ்கோட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அல்ஜெர்னான் ராபர்ட் ஃபிட்ஸ்ஹார்டிங் கிங்ஸ்கோட் என்று நீளமாகப் பெயர் வைத்தார்கள். இந்தக் குழந்தைதான் பிற்பாடு ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றது, விம்பிள்டனில் பட்டத்துக்கு அருகே போனது, போரில் மிலிட்டரி கிராஸ் வாங்கியது. ஆனால் தமிழ் வாசகருக்கு மகனைவிடத் தாயார்தான் சுவாரசியமானவர். அவர் கதையை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

தாயார் ஜார்ஜியானா. சர் ஹென்றி டிரம்மண்ட் வுல்ஃப் என்ற அரசியல்வாதி, தூதரின் மகள். தாத்தா ஜோசப் வுல்ஃப், மாட்டிக்கொண்ட இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளின் கதி என்ன என்று விசாரிக்க 1840-களில் புகாராவுக்கே போய் உயிரோடு திரும்பிய பாதிரியார். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? கணவருடன் தென்னிந்தியா வந்த ஜார்ஜியானா இங்குள்ள கதைகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். வேலைக்காரர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்புவார். அவர்கள் அங்குள்ள கிழவிகளிடம் கதை கேட்டு வந்து அம்மையாரிடம் ஒப்பிப்பார்கள். அப்படி வந்த கதைகளில் கண்டதும் கலந்திருந்தது, அவர்கள் ஆக்கும் கறிசோறு போல, என்று அம்மையார் முன்னுரையில் குறைப்பட்டுக்கொள்கிறார். கதையைச் சுமந்து வந்தவர்களுக்குக் கிடைத்த நன்றி அவ்வளவுதான்.

அவரைக் கரை சேர்த்தவர் ஒரு தமிழர். பண்டித எஸ்.எம். நடேச சாஸ்திரி. அரசாங்கத் தொல்லியல் துறையில் ராபர்ட் சூவெலின்கீழ் வேலை பார்த்தவர், பல மொழி படித்தவர். மதனகாமராஜன் கதையை 1886-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். தமிழின் முதல் துப்பறியும் கதைகளில் ஒன்றான ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன்’ இவருடையது. ‘தீனதயாளு’ நாவலும் இவர் எழுதியதுதான். தென்னிந்திய நாட்டார் கதைகளை இவர் ஏற்கெனவே வெளியிட்டு வந்தார். இருவர் பெயரோடும் 1890-இல் லண்டனில் ‘டேல்ஸ் ஆஃப் தி சன்’ வெளிவந்தது. மூன்று செவிடர் கதை அதில் இருக்கிறது. ஐந்து தோசையில் யாருக்கு மூன்று, யாருக்கு இரண்டு என்று தகராறு வந்து, முதலில் வாய் திறப்பவருக்கு இரண்டுதான் என்று பந்தயம் கட்டிப் படுத்துக்கொண்ட பிச்சைக்காரத் தம்பதி கதையும் இருக்கிறது. ஊரே திரண்டு இருவரும் செத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பந்தயம் தோற்க மனமில்லாத ஜோடி அது. பீர்மேட்டு லயங்களில் பாட்டிமார் சொன்ன கதைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். திருநெல்வேலி, மதுரைச் சீமையிலிருந்து கங்காணி பின்னால் மலையேறியவர்கள் பாயோடும் பானையோடும் இந்தக் கதைகளையும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அம்மையார் 1893-இல் இன்னொரு புத்தகமும் போட்டார். இந்தியாவில் ஆங்கிலேயக் குழந்தையை வளர்ப்பது எப்படி என்று இங்குள்ள வெள்ளைக்காரத் தாய்மாருக்கு எழுதிய கையேடு. அந்த வருடம் அல்ஜெர்னானுக்கு வயது நான்கு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. புத்தகம் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியதோ, ஒரு டென்னிஸ் சாம்பியனையாவது வளர்த்துவிட்டது. பிறகு அவர் ‘லூகஸ் கிளீவ்’ என்ற புனைபெயரில் நாவல்களாக எழுதித் தள்ளினார். எழுத்தில் வந்த வேகம் செலவிலும் வந்தது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் பெருங்கடனில் சிக்கித் திவாலானார். 1908-இல் சுவிட்சர்லாந்தில் கண்மூடினார். மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது.

மகன் தகப்பனைப் போலவே ராணுவத்துக்குப் போனார். சேர்ந்தது ராயல் கேரிஸன் ஆர்ட்டிலரி. கடற்கரைக் கோட்டைகளையும் கனரகப் பீரங்கிகளையும் கவனிக்கும் படை அது. கோவேறு கழுதை முதுகில் பீரங்கியைப் பிரித்து ஏற்றி எல்லைப்புறத்தில் மலையேறும் பேட்டரிகளும் அதன் பிரிவுதான். வீரர்களுக்கு ஓய்வு நேரம் நிறைய. கண்டோன்மென்ட் என்று இருந்தால் டென்னிஸ் கோர்ட் இல்லாமல் இராது. பிரிட்டிஷ் டென்னிஸ் அந்தக் காலத்தில் வளர்ந்தது மூன்று இடங்களில்: பல்கலைக்கழகம், பணக்காரர் வீட்டுத் தோட்டம், ராணுவ முகாம்.

1914 ஜூலை மாதக் கடைசி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே டேவிஸ் கோப்பை ஆட்டம். ஒரு பக்கம் ஆஸ்திரேலேசியாவுக்காக நார்மன் புரூக்ஸும் ஆன்டனி வைல்டிங்கும். மறுபக்கம் ஜெர்மனியின் ஃப்ரோய்ட்ஸ்ஹைமும் கிராய்ட்ஸரும். ஐரோப்பாவில் போர் மூண்ட செய்தியை ஆட்டம் முடியும்வரை ஆட்டக்காரர் காதுக்குப் போகாமல் தடுத்து வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஜெர்மானியர் தோற்றுக் கப்பலேறினார்கள். ஜிப்ரால்டரில் கப்பலை மறித்து இருவரையும் கைது செய்தார்கள், போர்க் கைதிகளாகவே அவர்கள் காலம் ஓடியது. கடைசியில் அமெரிக்காவையும் வென்று கோப்பையைக் கைப்பற்றிய கையோடு வைல்டிங் லண்டன் திரும்பிப் படையில் சேர்ந்தார்.

வைல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. நியூசிலாந்துக்காரர், 1910 முதல் 1913 வரை தொடர்ந்து நான்கு முறை விம்பிள்டன் சாம்பியன், மோட்டார் சைக்கிள் பிரியர். கவச மோட்டார் வண்டிப் பிரிவில் கேப்டனாகப் பிரான்ஸுக்குப் போனார். 1915 மே 9-ஆம் தேதி மாலை, நூவ் ஷாப்பேல் பக்கம், பதுங்குகுழியின் மேல் குண்டு விழுந்து மாண்டார். வயது 31. அதே நாள், அதே களத்தில் இந்தியப் படைப்பிரிவின் மீரட் டிவிஷனும் தாக்குதலில் இறங்கி, ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் ஆட்களை இழந்தது. நூவ் ஷாப்பேலில் உள்ள இந்திய நினைவுச் சின்னத்தில், கல்லறை என்று ஒன்று கிடைக்காமல் போன 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. வைல்டிங் கல்லறையும் பக்கத்து ஊர்தான். டென்னிஸ் எழுதுபவர்கள் அவரை மறந்ததேயில்லை. களத்தில் விழுந்த சாம்பியனுக்குக் காவியம் தானாக அமைந்துவிடுகிறது.

திரும்பி வந்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. கிங்ஸ்கோட்டும் அந்த வகை.

கனரகப் பீரங்கிக்காரரின் போர் பதுங்குகுழிக் காலாட்படையின் போரிலிருந்து வேறு. எதிரியை அவர் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பல கிலோமீட்டர் பின்னால் இருந்தபடி, வரைபடத்தில் சதுரத்தைக் குறித்து, காற்றின் வேகம், காற்றழுத்தம், வெடிமருந்தின் சூடு, குழலின் தேய்மானம் எல்லாம் கணக்குப் பார்த்துச் சுட வேண்டும். ஆறு அங்குல ஹவிட்சரின் குண்டு ஒன்று 100 பவுண்டு, ஏறக்குறைய 45 கிலோ. 9.2 அங்குல ஹவிட்சரின் குண்டு 290 பவுண்டு; அதைக் கையால் தூக்க முடியாது, பாரந்தூக்கி வேண்டும். எதிரியும் அதே கணக்கைப் போட்டுத் திருப்பி அடிப்பான். சத்தத்தை வைத்தும் புகையை வைத்தும் ஒருவர் இடத்தை மற்றவர் கண்டுபிடிப்பதே வேலை. இந்தச் சேவையில் கிங்ஸ்கோட்டுக்கு மிலிட்டரி கிராஸ் கிடைத்தது. கேப்டன் நிலைவரை உள்ளவர்களுக்காக 1914 டிசம்பரில் ஏற்படுத்திய வீர விருது அது.

பீர்மேட்டிலும் போர் தெரிந்தது. தோட்டத்துரைகள் சேர்ந்து நடத்திய தன்னார்வக் குதிரைப்படை ஒன்று தென்னிந்தியாவில் ஏற்கெனவே இருந்தது. சதர்ன் பிராவின்ஸஸ் மவுண்டட் ரைஃபிள்ஸ் என்று பெயர். போர் தொடங்கியதும் சின்னத்துரைகள் பலர் மலையிறங்கி நிஜப் படைக்குப் போய்விட்டார்கள். 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தபின் இங்குள்ள வெள்ளைக்காரர்களுக்குப் படைப்பயிற்சி விருப்பம் என்பது போய்க் கட்டாயமாயிற்று. கிளப்பில் ஆள் குறைந்தது. கொழுந்துக்கூடை மட்டும் ஒருநாளும் குறையவில்லை, சிப்பாய்களுக்குத் தேநீர் போயாக வேண்டுமே.

விம்பிள்டன் 1915 முதல் 1918 வரை நடக்கவில்லை. நான்கு வருடம். டென்னிஸ்காரருக்கு இருபத்தாறிலிருந்து முப்பது வரை என்பது என்ன வயது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கிங்ஸ்கோட்டின் அந்த வயது முழுவதும் பீரங்கி பக்கத்தில் போயிற்று.

1919-இல் வொர்ப்பிள் ரோடு மைதானத்தில் மறுபடி வலை கட்டினார்கள். அந்த ஆண்டுப் போட்டியை ஒரு பிரெஞ்சுப் பெண் தூக்கிக்கொண்டு போனார். இருபது வயது சூசான் லாங்லென் ஏழு முறை சாம்பியனான டொரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸை 10-8, 4-6, 9-7 என்று வென்ற ஆட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். ஆண்கள் பக்கம் இன்னொரு விசேஷம். அப்போதைய விதிப்படி பழைய சாம்பியன் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்தால் போதும். மற்ற எல்லாரும் ஆடி ஒருவர் மிஞ்ச வேண்டும். அப்படி மிஞ்சுவதற்கான ‘ஆல் கமர்ஸ்’ இறுதியில் எதிரெதிரே நின்ற இருவருமே பீரங்கிக்காரர்கள், இருவர் மார்பிலும் மிலிட்டரி கிராஸ். ஒருவர் மேஜர் கிங்ஸ்கோட், வயது 30. மற்றவர் ஆஸ்திரேலியாவின் ஜெரால்ட் பேட்டர்சன், வயது 23, மெஸ்ஸீன் களத்தில் விருது வாங்கியவர். பாடகி நெல்லி மெல்பாவின் சகோதரி மகன். அவருடைய சர்வீஸைக் குண்டு எறிவதோடு ஒப்பிட்டார்கள். சண்டையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேறு உவமை தோன்றியிருக்காது. கிங்ஸ்கோட் 6-2, 6-1, 6-3 என்று தோற்றார். பேட்டர்சன் அடுத்து 41 வயது புரூக்ஸையும் வீழ்த்திப் பட்டம் பெற்றார்.

தோல்வி கனமானதுதான். ஆனால் கிங்ஸ்கோட் அதோடு ஓயவில்லை. அந்தக் கோடையில் ஈஸ்ட்போர்னில் தென்னாப்பிரிக்காவையும், டோவில் நகரில் பிரான்ஸையும் வென்று டேவிஸ் கோப்பைக்குப் போட்டியிடும் உரிமையை பிரிட்டிஷ் அணி பெற்றது. கோப்பை ஆஸ்திரேலேசியா கையில் இருந்ததால் சிட்னிக்குப் போக வேண்டும். அங்கே பயணி விமானம் போகாத காலம். இரண்டு வார ஆட்டத்துக்காக மாதக்கணக்கில் கப்பலில் போய் வர வேண்டும்.

1920 ஜனவரி, சிட்னியின் டபுள் பே மைதானம். ஐந்து ஆட்டங்களில் பிரிட்டனுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதை வாங்கித் தந்தவர் கிங்ஸ்கோட். ஜேம்ஸ் ஆண்டர்சனை மூன்று நேர் செட்களில் முடித்தார். மற்றவையெல்லாம் தோல்வி, 4-1. இரட்டையரில் புரூக்ஸ்–பேட்டர்சன் ஜோடியிடம் அவரும் கூட்டாளி பீமிஷும் வாங்கிய அடி 6-0, 6-0, 6-2. அதே பயணத்தில் ஆஸ்திரேலேசியச் சாம்பியன்ஷிப்பும் நடந்தது. போர் காரணமாக நின்றுபோயிருந்த போட்டி. 1919-க்கு உரியதை 1920 ஜனவரியில் நடத்தினார்கள். இன்று ஆஸ்திரேலியன் ஓப்பன் என்கிறோமே, அதன் மூத்த வடிவம். கிங்ஸ்கோட் இறுதியில் எரிக் போக்லியை 6-4, 6-0, 6-3 என்று வீழ்த்திப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். பெங்களூரில் பிறந்த ஒருவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியது இப்படித்தான். ஆண்கள் ஒற்றையரில் அவருக்குப் பிறகு அந்தப் பட்டம் பெற்ற பிரிட்டிஷார் இரண்டே பேர்: 1929-இல் காலின் கிரிகரி, 1934-இல் ஃபிரெட் பெர்ரி. ஆண்டி மரே ஐந்து முறை இறுதிவரை போயும் கைக்கு எட்டாத பட்டம்.

1920 விம்பிள்டனில் கிங்ஸ்கோட்டின் இன்னொரு நல்ல ஆட்டம். எதிரே நெட்டை அமெரிக்கர் பில் டில்டன். அடுத்த ஆறு வருடம் உலக டென்னிஸை ஆளப்போகிறவர். அவரும் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்தான். கிங்ஸ்கோட் அவரை ஐந்து செட்வரை இழுத்துவிட்டுத்தான் தோற்றார். டில்டன் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றார். அதே போட்டியில் கிங்ஸ்கோட் ஆண்கள் இரட்டையர் இறுதிக்கு வந்தார். கூட்டாளி ஐரிஷ்காரர் ஜேம்ஸ் சிசில் பார்க், கலிப்போலியில் காயம்பட்டவர். அமெரிக்காவின் வில்லியம்ஸ்–கார்லண்ட் ஜோடியிடம் நான்கு செட்களில் அதுவும் போயிற்று. 1920-களின் நடுப்பகுதி வரை டேவிஸ் கோப்பைக்கு ஆடிவந்த கிங்ஸ்கோட் 1964 டிசம்பரில் காலமானார்.

அவரைப் பெங்களூர்க்காரர் என்று உரிமை கொண்டாட யாரும் முன்வந்ததில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. கண்டோன்மென்ட்டில் பிறந்த வெள்ளை அதிகாரியின் பிள்ளை, கண்டோன்மென்ட் வேலிக்கு வெளியே இருந்த இந்தியாவைப் பற்றி என்ன அறிந்திருப்பார்? வேலியைத் தாண்டியவர் தாயார்தான், அதுவும் வேலைக்காரர்கள் கால் வழியாகவும் நடேச சாஸ்திரி பேனா வழியாகவும். இருந்தாலும் முதல் உலகப் போரின் டென்னிஸ் கதை வைல்டிங்கின் மரணத்தோடு முடிந்துவிடுவதாக எழுதும் பழக்கம் சரியில்லை. இழந்த நான்கு வருடத்துக்குப் பிறகு முப்பது வயதில் மட்டையைத் திரும்ப எடுத்து ஒரு பட்டத்தைப் பிடித்தவர் கணக்கும் அதில் சேர வேண்டும்.

கிங்ஸ்கோட் சிட்னியில் ஆடிய அடுத்த ஆண்டு, 1921-இல், இந்திய அணி முதன்முறையாக டேவிஸ் கோப்பையில் இறங்கியது. பாரிஸில் பிரான்ஸையே 4-1 என்று தோற்கடித்து எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. முகமது சலீம், ஐ.சி.எஸ். அதிகாரி சிட்னி ஜேக்கப், அதர் அலி ஃபைசி என்று பெயர்கள் வரத் தொடங்கின. மறு ஆண்டே சென்னையிலிருந்து ஒருவர் அணிக்குள் வந்தார். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்த புச்சி பாபு நாயுடுவின் மகன், கேம்பிரிட்ஜில் படித்த கோட்டா ராமசாமி. 1936-இல் நாற்பது வயதில் இந்தியக் கிரிக்கெட் அணிக்கும் ஆடி, மான்செஸ்டரில் முதல் இன்னிங்ஸில் 40, இரண்டாவதில் 60 எடுத்தவர். 1985-இல் ஒருநாள் சென்னை வீட்டிலிருந்து வெளியே போனவர் திரும்பவேயில்லை. அடுத்த இதழில் அவர் கதை.